லாக்கர் அடித்த ஃபோனோகிராஃப்

என் கணவருக்கு உலகமெல்லாம் ஆள் தெரியும், ஆம்பூரில் நாலு பேரைத் தெரியாது. தெருவில் கல்யாணம், சாவு என்றால் நான்தான் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவேன். ஆனால் ஜெர்மனியில் ஒருவருக்கு முட்டி வலி, கனடாவில் ஒருவருக்கு மூன்றாவது பேத்தி பிறந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அத்தனை பேரும் பழைய ஃபோனோகிராஃப் சேர்க்கிற ஆட்கள். இணையத்தில் ஏலம் நடத்தும் தளம் ஒன்று இருந்தது. அதில்தான் இவர்கள் வாங்குவார்கள், விற்பார்கள், சண்டை போடுவார்கள், பிறகு சமாதானமாகி நீள நீளமாகக் கடிதம் எழுதிக்கொள்வார்கள்.

கிராமபோன் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கிராமபோனில் தட்டு சுற்றும். ஃபோனோகிராஃபில் டம்ளர் அளவு மெழுகு உருளை ஒன்று சுற்றும். இது மூத்தது, அது பின்னால் வந்து இதை ஓரங்கட்டியது. அவர் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். அதனால் கேட்காதவர்களுக்கும் விளக்கம் கிடைக்கும். பால்காரருக்குக்கூட ஒரு நாள் கிடைத்தது, பால் திரிந்துவிட்டது.

முதல் எந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். வாணியம்பாடியில் அவருடைய பள்ளிக்கூடம் இருந்த தெருவில், பழைய தோல் வியாபாரி ஒருவரின் வீட்டை இடித்தார்கள். கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் ஏற்றிப்போன வண்டியில் ஒரு மரப்பெட்டியும் ஒரு புனலும் இருப்பதை வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மணி அடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்கே போய் வாங்கிவிட்டார். ஓக் மரப்பெட்டி. உள்ளே சாவி கொடுத்தால் ஓடும் எந்திரம். மேலே ஊமத்தம்பூ மாதிரி விரிந்த கறுப்புப் புனல். பெட்டியின் முன்பக்கம் தங்க எழுத்தில் கம்பெனியின் பெயர் பாதி தேய்ந்திருந்தது. வார்னிஷ் முழுக்கப் பொடிப் பொடியாக வெடிப்பு. எனக்கு அது குப்பையாகத்தான் தெரிந்தது, அதை அப்படியே அவரிடம் சொல்லவும் செய்தேன்.

அதன் பிறகு வாலாஜாபேட்டையிலிருந்து ஒன்று, சென்னையிலிருந்து இரண்டு, ஏலத்தில் எடுத்து விமானத்தில் வந்த உடைசல் ஒன்று என்று மொத்தம் ஐந்து சேர்ந்தன. ஆனால் முதலில் வந்ததுதான் அவருக்கு உசத்தி. அதை மட்டும் பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைப்பார், அதுவும் தட்டித் தட்டி. ஒரு தடவை நான் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கப் போனேன். பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

“எண்ண கிண்ண வெச்சீன்னா நான் வீட்ட விட்டே போய்டுவேன்.”

“போய்ட்டு எத்தினி மணிக்கு வருவீங்க? சாதம் வைக்கணும்.”

அவர் சிரித்துவிட்டார். ஏன் எண்ணெய் வைக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும், எனக்கோ அடுப்பில் வேலை இருந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் அவரைத் தேடி வந்ததற்குக் காரணம் அந்த எந்திரங்கள் அல்ல, தோல். ஃபோனோகிராஃபுக்குள் மோட்டாரின் ஓட்டத்தை உருளைக்குக் கொண்டுபோவது ஒரு விரல் அகலம்கூட இல்லாத தோல் வார். எண்பது தொண்ணூறு வருஷத்தில் எல்லா எந்திரத்திலும் அந்த வார் இற்றுப்போயிருந்தது. ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? நான் ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் செக்ஷனில் இருந்தேன். வெட்டி ஒதுக்கிய ஆட்டுத்தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவேன். அவர் பிளேடால் ஒரே சீராக வெட்டி, இரண்டு முனையையும் சீவி ஒட்டி, ஏலத் தளத்தில் போடுவார். செம்மறித்தோல் இழுபடுகிறது, வெள்ளாடுதான் நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு வருஷம் ஆனது. வாங்கியவர்கள் கீழே பாராட்டி எழுதுவார்கள். அதைக் காகிதத்தில் எடுத்து வந்து எனக்குப் படித்துக் காட்டுவார். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்பேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது இரண்டாயிரத்து இரண்டில், ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது. வலது கை, வலது கால் போயின. பேச்சு முழுக்கப் போனது. வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். கால் கொஞ்சம் திரும்பியது, பிடித்துக்கொண்டால் நடப்பார். பேச்சு திரும்பவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். தலையாட்டுவதும் நம்பும்படி இல்லை. ஆமாம் என்பதற்கும் தலையை ஆட்டுவார், வேண்டாம் என்பதற்கும் அதே ஆட்டம்தான். எழுதச் சொன்னால் இடது கையில் பென்சில் நிற்காது. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது, அவர் சொல்ல நினைப்பதுதான் வெளியே வரவில்லை, பொறுமையாகக் காத்திருந்து கேளுங்கள் என்று டாக்டர் சொன்னார். சரி என்றேன்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சபையிலிருந்து வந்து ஜெபம் செய்தவர்கள், “இன்னா தைரியமா இருக்கீங்க” என்றார்கள். அது தைரியமே இல்லை. காலையில் எழுந்து அவரைக் கழுவித் துடைத்து, இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டி, பகலில் பார்த்துக்கொள்ள வரும் அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறி, பேக்கிங் லிஸ்ட் டைப் செய்து, சாயங்காலம் வந்து மறுபடி கழுவித் துடைப்பேன். இதில் எந்த இடத்திலும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை, மற்றபடி எனக்கு அது சும்மாவே வரும். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் சாப்பிட்டேன். கல்யாண நாள் வந்து போனதை இரண்டு நாள் கழித்துக் காலண்டர் கிழிக்கும்போதுதான் பார்த்தேன்.

அவரிடம் பேசுவதையும் விட்டுவிட்டேன். திட்டம் போட்டு விடவில்லை. கேள்வி கேட்டால் பதில் வராது, வரும்வரை நின்றால் பஸ் போய்விடும். அதனால் கேள்வியும் நானே பதிலும் நானே என்று ஆனது. “தண்ணி வேணுமா? வேணும். இந்தாங்க. சட்ட மாத்தணுமா? மாத்தணும்.” இப்படி எட்டு மாதம் ஓடியது.

எட்டாவது மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி, வாரத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து போவதால் பிரயோஜனமில்லை, ஆறு மாதமாவது வேலூரிலேயே தங்கி தினமும் வந்தால் சில சொற்கள் வரலாம் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறை பார்த்தேன். நான் ரயிலில் வேலைக்குப் போய் வரலாம். ஆம்பூர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கட்டில், பீரோ, ஸ்டவ் போக அந்த அறையில் நிற்கத்தான் இடம் இருந்தது. ஐந்து ஃபோனோகிராஃபுக்கு எங்கே போவது? விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். முதன்முதலில் வந்ததுதான் இருந்ததிலேயே பெரியது, அது போகட்டும், மற்றவை தானாகப் போகும் என்று கணக்குப் போட்டேன்.

அவரைக் கேட்கவில்லை. அவருடைய பொருள், அவர் உயிரோடு அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார், காதும் நன்றாகக் கேட்கிறது. கேட்டால் தலையாட்டுவார், அது ஆமாமா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை, பிறகு எதற்குக் கேட்பது என்று நினைத்தேன். அன்றைக்கு அது எனக்கு நியாயமாகவே பட்டது.

கம்பெனி சாம்பிள் ரூமில் டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு அதைக் கேட்டு வாங்கி வந்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்து, ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு பைபாஸ் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவருடைய பாஸ்வேர்டு வார் வெட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவர் பெயரிலேயே ஏலத்துக்குப் போட்டேன். விற்கிறது அவருடைய மனைவி என்றோ, அவருக்கு உடம்பு சரியில்லை என்றோ எழுதவில்லை. எக்ஸ்போர்ட் செக்ஷனில் முதலாளி பெயரில் கடிதம் எழுதியே பழகிய கை.

ஏலம் ஏழு நாள். நான் எதிர்பார்க்காத அளவுக்கு ஆட்கள் போட்டி போட்டார்கள். என்னென்னவோ கேள்வி வந்தது. வார்னிஷ் பழையதுதானா, தங்க எழுத்து ஒரிஜினலா, யாராவது கை வைத்திருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் பழையது, ஒரிஜினல், யாரும் தொடவில்லை என்று எழுதினேன். குறை இருந்தால் ஒளிக்காமல் சொல்வது என் வேலையில் படித்த பாடம். ஐயோ பாவம், இத்தனை வெடிப்பு இருந்தும் கேட்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் எடுத்தவர் அமெரிக்காவில் குளிர்ப்பிரதேசம் ஒன்றில் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பல வருஷமாக எங்களிடம் வார் வாங்கியவர். என் கணவரும் அவரும் மாதத்துக்கு இரண்டு கடிதமாவது எழுதிக்கொள்வார்கள். அவர் சந்தோஷத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தார். நான் கம்பெனி பாணியில் நாலு வரி பதில் போட்டேன். சரக்கு தயாரானதும் படம் அனுப்புகிறோம், பார்த்துவிட்டுப் பணம் அனுப்பினால் போதும் என்று.

எங்கள் தொழிலில் அதுதான் முறை. முதலில் சாம்பிள் போகும். அதில் ஒரு கீறல், ஒரு சுருக்கம் இருந்தால்கூட வாங்குகிறவர் பொறுத்துக்கொள்வார். ஆனால் பின்னால் போகிற சரக்கு சாம்பிளை விட ஒரு படி மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல்தோலின் கிரெய்ன் தளர்ந்திருக்கிறது, நிறம் மட்டம் என்று மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் அந்தக் கடிதங்களுக்கு மன்னிப்புக் கேட்டு டைப் செய்தவள் நான். அழுக்கும் வெடிப்புமாக ஒரு பொருளைக் கப்பல் ஏற்ற என் கை வரவில்லை. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கம்பெனி ஃபினிஷிங் செக்ஷனில் ஸ்ப்ரே அடிக்கும் பாய் ஒருவர் இருந்தார். தோலில் எந்தக் குறையையும் மறைத்துவிடுவார் என்று அவருக்குப் பெயர். அவருடைய மகனுக்கு என் கணவர் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். கேட்டதும் வேனோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா மேடம், வார்னிஷ் ஃபுல்லா வெடிச்சிக்கினு இருக்குது. இத்த இப்டியே அனுப்பிச்சா வெள்ளக்காரன் மூஞ்சி மேலயே வீசுவான்.”

“அதான் பாய் உங்கள கூப்ட்டேன். ஒரு கோட் அடிச்சா சரியாயிடுமா?”

“ஒரு கோட் கம்மி. உப்புத்தாள் போட்டுத் தேச்சி எடுத்துட்டு மூணு கோட் லாக்கர் அடிச்சிடலாம். பளபளன்னு கிளாஸா, மங்கலா மேட்டா?”

“கிளாஸே அடிங்க.”

பாயும் டிரைவரும் பெட்டியைத் தூக்கினார்கள். நாற்காலியில் இருந்த என் கணவர் சத்தம் போட்டார். இடது கையால் நாற்காலிக் கையை அடித்தார். பாய் தயங்கி நின்றார்.

“சார் இன்னாமோ சொல்றாரு மேடம்.”

“ஆள் வந்தா அப்படித்தான் பாய் சத்தம் போடுவாரு. நீங்க எடுத்துட்டுப் போங்க.”

பெட்டி வெளியே போனது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். பாத்ரூமுக்குத்தான் அவசரம் என்று நினைத்து அழைத்துப் போனேன். அங்கே அவர் ஒன்றும் செய்யவில்லை.

மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவர் இடது உள்ளங்கையைக் கட்டில் மேல் தேய்த்தார். தேய்த்துவிட்டுக் கையை உதறுவார். என்னைப் பார்ப்பார். மறுபடி தேய்ப்பார், உதறுவார். மெத்தை விரிப்பு உறுத்துகிறது போல என்று மாற்றினேன். அதையும் தேய்த்தார். கை அரிக்கிறது என்று பவுடர் போட்டேன். இரண்டாம் நாள் சாப்பாட்டை வாங்காமல் வாயை மூடிக்கொண்டார். வயிறு உப்புசம் என்று ஓம வாட்டர் கொடுத்தேன். பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நான் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

“இன்னாம்மா, அந்தப் பொட்டிய எடுத்துக்கினு போனதுலேர்ந்து சார் ஒரே பேஜார் பண்றாரு. அது வெச்சிருந்த எடத்தையே பாக்குறாரு.”

“எடம் காலியா இருக்குல்ல, அதான் பாக்குறாரு.”

“எனக்கு அப்டித் தெர்லம்மா.”

அந்த அம்மாள் நாலாம் வகுப்பு தாண்டாதவர். நான் பி.காம். அதனால் நான் சொன்னதுதான் சரி என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

நாலாம் நாள் பாய் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். உண்மையிலேயே மூச்சடைத்தது எனக்கு. ஷோரூமிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த மாதிரி பளபளவென்று நின்றது. முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். புனலுக்கும் கறுப்பு அடித்திருந்தார். முன்பக்கம் தங்க எழுத்தைக் காணோம்.

“அந்த எழுத்து பாதிதான் மேடம் இருந்துச்சு. பாதி இருந்தா அசிங்கமாத் தெரியும்னு மொத்தமா தேச்சி எடுத்துட்டேன்.”

“நல்லதாப் போச்சு பாய்.”

காசு நீட்டினேன், வாங்கவில்லை. சாருக்காகச் செய்தது என்றார். என் கணவரின் பக்கத்தில் போய்க் குனிந்து, “எப்டி சார் கீது?” என்று கேட்டார். என் கணவர் பெட்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் கட்டிலைத் தேய்க்கவில்லை, சத்தமும் போடவில்லை. ஊட்டினதைச் சாப்பிட்டார். பெட்டி திரும்பி வந்ததில் அமைதியாகிவிட்டார் என்று நான் நினைத்தேன். அந்த அம்மாளிடம் பெருமையாகச் சொல்லக்கூடச் செய்தேன்.

மறுநாளே படம் எடுத்து அனுப்பினேன். கூடவே ஒரு வரி சேர்த்தேன். உங்களுக்காகப் பெட்டியையும் புனலையும் புதிதுபோல மெருகேற்றியிருக்கிறோம், இதற்குத் தனியாக எதுவும் தர வேண்டாம் என்று. அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியில் காரத்தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்கு அடுத்த நாள் சனிக்கிழமை, கம்பெனி அரை நாள். மத்தியானம் பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயிலைத் திறந்தால் பதில் வந்திருந்தது. பெரிய கடிதம் இல்லை. கோபமாகவும் இல்லை. கோபமாக எழுதியிருந்தால் எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதத் தெரியும்.

அந்த வெடிப்பு விழுந்த வார்னிஷுக்காகவும், அந்தப் பாதி எழுத்துக்காகவும்தான் நான் இதைக் கேட்டேன் என்று எழுதியிருந்தார். நூறு வருஷத்தில் யாருடைய கையும் படாமல் தப்பித்த பெட்டிகள் உலகத்தில் மிகக் குறைவு, அதில் ஒன்று போன வாரம் வரை உங்கள் வீட்டில் இருந்தது, இனி இல்லை என்று எழுதியிருந்தார். ஏலத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே தனியாக ஒரு பத்தி. பல மாதமாக உங்களிடமிருந்து கடிதமே இல்லை, ஏலத்துக்குப் பிறகு வந்ததும் வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது, நான் கேட்கத் தயங்கினேன். இப்போது கேட்கிறேன். என் நண்பர் தன் கண் எதிரில் இதை நடக்க விட்டிருக்க மாட்டார். இதை எழுதுவது யார் என்று எனக்குத் தெரியாது. அவர் இறந்துவிட்டாரா?

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பக்கத்து கம்ப்யூட்டரில் யாரோ ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை மேஜை மேல் இருந்தது, அதைப் பார்த்தேன். தேய்ப்பது, உதறுவது. உப்புத்தாள் போடாதே, வேண்டாம். மூன்று நாள் அந்த மனிதர் சாப்பிடாமல்கூட என்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பவுடர் போட்டேன். ஓம வாட்டர் கொடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு வலித்தது. நெஞ்சில், நிஜமாகவே, யாரோ முழங்கையால் இடித்த மாதிரி. எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது, பயம், வெட்கம், அவர் மேல் பாசம், என் மேல் அருவருப்பு. கடைக்காரர் “இன்னா மேடம், தண்ணி வேணுமா?” என்று கேட்டார். கடிதத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் அந்த அம்மாளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. எதிரில் உட்காராமல், எப்போதும் பக்கத்தில் நின்றபடிதான் இருந்திருக்கிறேன், ஊட்டுவதற்கும் துடைப்பதற்கும் அதுதான் வசதி. அவருடைய தாடியில் நரை அதிகமாகியிருந்தது, நான்தான் மழிக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

“ஒரு லெட்டர் வந்துருக்குங்க. உங்க தோஸ்த், அந்த ரயில்வேக்காரரு. படிக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். பதில் வரும்வரை படிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவர் நம்பவில்லை. நான் வழக்கம்போல நானே ‘படிக்கிறேன்’ என்று சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது கையை நீட்டி அந்தக் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டார்.

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன், எதையும் மெழுகவில்லை. பெட்டி இனி இல்லை என்ற இடத்தில் அவர் கண்ணை மூடினார். நிறுத்தினேன். திறந்ததும் மேலே படித்தேன். கடைசிப் பத்திக்கு வந்தபோது காகிதத்தை மடியில் இறக்கி வைத்தேன்.

“கேக்குறாரு... நீங்க செத்துப்போய்ட்டீங்களான்னு.”

அவர் முகம் கோணியது. இடது பக்கம் மட்டும்தான் அசையும், அதனால் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சட்டென்று தெரியவில்லை. சிரித்தார். சத்தம் வராமல் தோள் குலுங்கியது. எனக்குக் கண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன், அது நிற்கவில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிக்காக அவருக்கு என் மேல் இருந்த கோபம் அந்தப் பார்வையில் முழுசாக இருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அதை நான் கோபம் என்று சரியாகப் படித்தேன்.

“இன்னா பதில் எழுதட்டும்?” என்று கேட்டேன்.

காத்திருந்தேன். வெளியே ரயில் ஒன்று ஆம்பூரில் நிற்காமல் போனது. பால் குக்கர் கூவத் தொடங்கியது, எழுந்து போகவில்லை. தொண்டையிலிருந்து சத்தம் வந்தது, பாதியில் நின்றது, மறுபடி வந்தது. பிறகு இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை. அவருடைய தலையைத்தான் நம்ப முடியாது, அந்த விரல் தெளிவாக இருந்தது. பிறகு கையை மெதுவாகத் திருப்பி அந்த விரலை என் பக்கம் நீட்டினார். நீட்டியதை மடக்கவே இல்லை.

“செஞ்சது நான்தான்னு எழுதணுமா?”

விரல் அப்படியே இருந்தது.

அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊருக்கெல்லாம், கடல் தாண்டி இருக்கிறவனுக்கெல்லாம் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டுமா என்று. பிறகு அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, அவருடைய நோட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். முதலில் எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை, விரலை ஆட்டினார். அதில் வருந்துகிறோம், தவிர்க்க இயலாத காரணங்களால் என்றெல்லாம் இருந்தது, அடித்தேன். இரண்டாவதும் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை படித்துக் காட்டியபோது விரல் ஆடவில்லை, கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அதை ஒரு எழுத்து மாற்றாமல் டைப் செய்து அனுப்பினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

அவர் இறக்கவில்லை. பேச்சு போய்விட்டது, ஆனால் என்னைத் தடுக்க அவர் மூன்று நாள் பாடுபட்டார். நான் அவருடைய மனைவி. நான் அவரைக் கேட்கவில்லை.